இரண்டு பந்தல், ஒரு மைக் செட்

பிள்ளைகளா, இதை நீங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அக்கா வாசிக்கட்டும், தம்பி கேட்கட்டும். தம்பி எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் எனக்கு வயதாகிவிடும். இந்தியில் எழுதினால் என்ன என்பீர்கள். எனக்கு இந்தி பேசத்தான் வரும். எழுத வருவது எட்டாம் வகுப்பு வரை படித்த தமிழ் மட்டும்தான். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அக்காவிடம் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "இது உன் அப்பாதானே?" என்று கேட்டானாம். ஆமாம், நான்தான். ஒரு பெண் தட்டில் அம்மன் படத்தை எரிக்கிறாள். பக்கத்தில் பழுப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைத்தபடி நான் நிற்கிறேன். அந்த வீடியோவில் அவ்வளவுதான் இருக்கிறது. சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அப்பா, நீங்க சாமி கும்பிடுறவர்தானே? அப்புறம் ஏன் மைக்கை ஆஃப் பண்ணல?" நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம் சொல்றேன்" என்றேன். இப்போது சொல்கிறேன்.

இங்கே டெல்லியில் ஜந்தர் மந்தர் பக்கம் போராட்டம் நடத்த வருகிறவர்களுக்கு மைக் செட் போடுவது என் தொழில் என்று உங்களுக்குத் தெரியும். விவசாயிக்கும் போட்டிருக்கிறேன், வேலை போன வாத்தியாருக்கும் போட்டிருக்கிறேன், பென்ஷன் கேட்டு வந்த பெரியவர்களுக்கும் போட்டிருக்கிறேன். ஒரே மைக்கில் காலையில் ஒரு கட்சி இன்னொரு கட்சியைத் திட்டும். சாயங்காலம் அந்தக் கட்சி வந்து இந்தக் கட்சியைத் திட்டும். நடுவில் நான் மைக்கின் பஞ்சு உறையை மட்டும் மாற்றுவேன். இத்தனை வருடத்தில் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒரே ஒரு வழக்கம். ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டால், மைக் கூவினால் தவிர, அவர் முடிக்கும் வரை வால்யூம் திருகின் மேல் என் கை படாது. கூட்டம் கத்தினாலும் சரி, எனக்கே கேட்கப் பிடிக்காவிட்டாலும் சரி.

அன்றைக்கு நல்ல குளிர். பனி விலகவே பதினொரு மணியாகிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பந்தல், இரண்டுக்கும் என் மைக் செட்தான். முதல் பந்தலில் ஒரு சின்ன அனுமார் கோவிலைக் காப்பாற்றச் சொல்லி வந்தவர்கள். சாலையை அகலப்படுத்தக் கோவிலை இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களாம். எல்லாரும் இந்திக்காரர்கள். அவர்களுக்கு ஒரு பெரியவர் தலைவர். கழுத்து வரை மஃப்ளர் சுற்றிக்கொண்டு, எல்லாரையும் பெற்ற பிள்ளை மாதிரி "பேட்டா, பேட்டா" என்று கூப்பிடுகிற மனிதர்.

இரண்டாவது பந்தலில் நம் ஆட்கள். நம் காலனிக்குப் பின்னால் குடிசைகளில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள். வீட்டு வேலைக்கும் சாக்கடை வேலைக்கும் போகிறவர்கள். நம் காலனி அம்மன் கோவிலில் ஆடித் திருவிழா நடக்கிறதே, அதில் அம்மன் ஊர்வலம் எல்லாத் தெருவுக்கும் போகும். அவர்கள் சந்துக்கு மட்டும் போகாது. காரணம் சாதி. நீங்கள் என் பிள்ளைகள், உங்களிடம் அதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. கோவில் கமிட்டியிடம் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் இங்கே வந்து உட்கார்ந்தார்கள்.

காலையிலேயே என் ஆம்ப்ளிஃபயர் ஒன்று புகைந்து நின்றுவிட்டது. மீதி ஒன்றுதான். இரண்டு பந்தல்காரர்களையும் கூப்பிட்டு, ஆளுக்கு அரை மணி நேரம் என்று பேசி முடித்தேன். ஒரே ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு பந்தலின் குழாய் ஸ்பீக்கருக்கும் லைன் இழுத்தேன். யார் முறையோ அவர்கள் குழாய் பாடும். மற்றவர்கள் லைனை நான் பிடுங்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

குடிசைக்காரர்களின் முறை வந்தபோது ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அதுவரை மைக்கைத் தொட்டதே இல்லை. வாங்கி மோவாயில் ஒட்டிக்கொண்டாள்.

"நாலு விரல் தள்ளிப் பிடிம்மா" என்றேன்.

"தள்ளிப் புடிச்சா கேக்குமாண்ணா? இத்தினி வருஷமா கிட்ட நின்னு கத்தியே யாருக்கும் கேக்கல."

அவள் கூட்டத்தார் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மைக்கைச் சரியாகப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அந்தச் சிரிப்பில்தான் தப்புச் செய்தேன். பக்கத்துப் பந்தலின் லைனைப் பிடுங்க மறந்துவிட்டேன்.

எல்லாருக்கும் புரிய வேண்டுமென்று அவள் இந்தியில் பேசினாள். உங்கள் அம்மா இந்தி மாதிரிதான், ஆண்பாலும் பெண்பாலும் கலந்து ஓடும். ஆனால் சொல்ல வந்தது போய்த் தைக்கும். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நாலு வீட்டு வாசல்ல நான் தண்ணி தெளிச்சிக் கோலம் போடுறேன். அந்த நாலு வாசலுக்கும் அம்மன் வருவா. என் வாசலுக்கு வர மாட்டா. கேட்டா சந்து குறுகலாம். தண்ணி டேங்கர் வருது எங்க சந்துக்குள்ள. அம்மன் வண்டி அதைவிடப் பெருசா?"

பக்கத்துப் பந்தல் குழாயிலும் இதே பேச்சு போய்க்கொண்டிருந்தது. முதல் இரண்டு நிமிடம் அங்கே சிலர் கையைத் தட்டினார்களாம், தங்கள் ஆள்தான் பேசுகிறார் என்று.

பிறகு அவள் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தாள். போன ஆடித் திருவிழா நோட்டீஸை அதில் விரித்தாள். நோட்டீஸில் பாதி அம்மன் படம். அதன் மேல் கற்பூரம் வைத்து, ஆரத்தி காட்டுகிற மாதிரியே தட்டை ஏந்திக்கொண்டு பற்றவைத்தாள். "வராதவளோட அழைப்பு எனக்கு எதுக்கு?" என்றாள்.

அம்மன் முகம் ஓரத்திலிருந்து சுருண்டது. பிள்ளைகளா, என் ஆம்ப்ளிஃபயர் மேல் ஒரு படம் ஒட்டியிருக்கிறதே, ஆயுத பூஜை அன்று மகள் குங்குமம் வைப்பாளே, அதே படம். அதே மாதிரி ஒரு நோட்டீஸிலிருந்து நான் வெட்டி ஒட்டியது. எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த வீடியோவில் என் முகத்தை நன்றாகப் பாருங்கள், தெரியும்.

ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து, ஒரு பாட்டில் தண்ணீரைத் தட்டில் கொட்டினார். தீ அணைந்தது. அதற்குள் பக்கத்துப் பந்தல் மொத்தமும் எழுந்து வந்துவிட்டது. முன்னால் அந்தப் பெரியவர்.

"எங்க கோவிலை இடிக்க வராங்கன்னு நான் இங்க வந்து உக்காந்திருக்கேன். எங்க குழாயிலேயே மாதாவை எரிக்கிற பேச்சு வருதா? பந்த் கரோ, நிறுத்து."

அப்போதுதான் என் தப்பு எனக்குப் புரிந்தது. அவர் பின்னால் நின்ற ஓர் ஆள் என் ஆம்ப்ளிஃபயரைக் காட்டி, "இது மேல யார் படம் அண்ணே? பொட்டு எல்லாம் வச்சிருக்கே. நீயெல்லாம் பக்தனா?" என்றான்.

நான் போய் அவர்கள் லைனைப் பிடுங்கினேன். பெரியவர் முன்னால் கையைக் கூப்பினேன். "தப்பு என்னுது பாபுஜி. உங்க குழாயில அது வந்திருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

"அவ மைக்?"

"அது அவங்க அரை மணி நேரம், பாபுஜி. இன்னும் முடியல."

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "நிறுத்துப்பா. வம்பு எதுக்கு?"

நான் பையிலிருந்து பர்மிஷன் காகிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தேன். அதை எப்போதும் வைத்திருப்பேன். ஐந்து மணி வரை பேசலாம் என்று போட்டிருந்தது. அப்போது மணி நாலுகூட ஆகவில்லை.

"தீ வைக்கக் கூடாதுன்னும் இதுல போட்டிருக்கே" என்றார்.

"ஆமா சார். தீயை நீங்க அணைச்சிட்டீங்க. பேச்சு பாக்கி இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "நீ மைக் செட்காரனா, வக்கீலா?"

"மைக் செட்தான் சார். நிறுத்தணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, உடனே நிறுத்திடறேன்."

அவர் காகிதத்தை இரண்டாக மடித்து என் ஸ்வெட்டர் பையில் செருகினார். "இனிமே நெருப்பு கிருப்பு எதுவும் கூடாது" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். நல்ல மனிதர்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குச் சுலபம். அவள் மறுபடி மைக்கை எடுத்தாள். நாலு விரல் தள்ளித்தான் பிடித்தாள். என்னைக் காட்டினாள்.

"இதோ நிக்கிறாரே இந்த அண்ணன், நல்லவருதான். வருஷா வருஷம் திருவிழாவுக்கு இவருதான் குழாய் கட்டுறாரு. எல்லாத் தெருவுலயும் கட்டுவாரு. எங்க சந்து முனையில ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. அங்க வந்ததும் இவரு ஒயரும் நின்னுடும். அம்மன்தான் வரல. பாட்டு வந்தா என்ன தீட்டா ஒட்டிக்கும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போலீஸ்காரரும் பார்த்தார். அவள் சொன்னது உண்மை. அந்த டிரான்ஸ்ஃபார்மர் எனக்கு நன்றாகத் தெரியும். கமிட்டி கொடுத்த தெருக் கணக்குப்படி கட்டுவேன், அங்கே ஏணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவேன். ஏன் இதோடு நிற்கிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

அந்த நேரம் வால்யூம் திருகு என் கைக்குக் கீழேதான் இருந்தது. கொஞ்சம் குறைத்தால் போதும், பாட்டரி இறங்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. என் சாமியை எரித்தபோது குறைக்காமல் இருந்தேனே, அதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. நான் குறைக்கவில்லை. என் பெருமை இதுதான். சின்னதாகத் தோன்றினாலும் இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவள் முடித்துவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினாள். "இந்தாண்ணா. சொல்ல வந்தது சொல்லிட்டேன். வருத்தமா?"

"போய் உக்காரும்மா. அடுத்தவங்க முறை" என்றேன்.

பெரியவரிடம் போய், "இப்போ உங்க அரை மணி நேரம். அவங்க பேசினதுக்கு என்ன சொல்லணுமோ சொல்லுங்க. வால்யூம் அதே வால்யூம்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. வந்து திருகைக் குனிந்து பார்த்தார். பிறகு பேசினார். நன்றாகத் திட்டினார். கோபம் இருந்தால் கமிட்டியோடு சண்டை போடு, மாதாவின் முகத்தில் எதற்கு நெருப்பு வைக்கிறாய் என்றார். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, முந்தானையைத் தோளோடு போர்த்திக்கொண்டு, கடைசி வரை கேட்டாள். கடைசியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"பாபுஜி, உங்க கோவிலை இடிக்கக் கூடாதுன்னு நானும் சொல்றேன். நின்னுச்சுன்னா என்னை உள்ள விடுவீங்களா?"

பெரியவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார். "முதல்ல அது நிக்கட்டும், பேட்டா" என்றார்.

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்துவிட்டார், பிறகு சிரித்ததற்காக முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். ஐந்து மணிக்குப் போலீஸ்காரர் அந்தப் பெண்ணின் பேர், விலாசம் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வீடியோவில் இது எதுவும் இல்லை. நெருப்பு மட்டும்தான் இருக்கிறது.

கோவில் கமிட்டிக்கு அந்த வீடியோ போனது. இந்த ஆடிக்கு வேறு மைக் செட்காரர் வந்தார் என்பது நீங்களே பார்த்ததுதான். நான் பிரசாதம் வாங்கப் போனபோது இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊர்வலம் இன்னும் அந்தச் சந்துக்குள் போகவில்லை. அந்தப் பெண் நாலு வீட்டில் ஒரு வீட்டை இழந்தாள், வேறு வீடு பிடித்துவிட்டாள்.

மகள் கேட்டதற்குப் பதில்: நான் சாமி கும்பிடுகிறவன்தான். அவள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மைக் என் கையில் இருக்கிறது என்பதற்காக அவள் வாய் என் கையில் இருப்பதாக ஆகிவிடாது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பையன் கேட்டால் ஒளிக்க வேண்டாம். "ஆமா, என் அப்பாதான். அன்னைக்கு ரெண்டு பேரையும் பேச விட்டாரு" என்று சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. உங்கள் அம்மாவுக்குக்கூட இது தெரியாது. அன்று எல்லாரும் போன பிறகு நான் மட்டும் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பந்தலின் குழாய் இன்னும் வேப்ப மரத்தில் இருந்தது, ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அந்த மைக்கில் நான் பேசியதெல்லாம் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" மட்டும்தான். அதை எடுத்து, நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தமிழில் சொன்னேன்: "நீ அந்தப் படத்தை எரிச்சிருக்க வேணாம்மா. எனக்கு வலிச்சுது. ஒயர் பத்தி நீ சொன்னது நிஜம். என் தப்புதான்."

மரத்தின் மேலிருந்து என் குரல் எனக்கே திரும்பிக் கேட்டது. யாரோ வேறு ஆள் பேசுவது மாதிரி இருந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஏணியைச் சாத்தி, குழாயைக் கழற்ற மரத்தில் ஏறினேன்.