கட்டிலுக்கடியில் ஏழு மாதம்

நாய் வளர்க்கிற ஆள் இல்லை நான். திண்டுக்கல்லில் தெருவுக்குப் பத்து நாய் கிடக்கும். அதுபாட்டுக்கு அது, என்பாட்டுக்கு நான். கார்த்திகை மழையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் வழியில், பாலத்துக்கடியில் ஒரு நாய் கால் ஒடிந்து கிடந்ததைப் பார்த்துத் தொலைத்தேன். எவனோ பைக்கை ஏற்றிவிட்டுப் போயிருந்தான். கால்நடை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, மூன்று நாள் வைத்திருந்து விட்டுவிடலாம் என்றுதான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். செவலை நிறம், பெட்டை, ஒரு வயதுகூட இருக்காது. தரையில் இறக்கியதும் மூன்று காலில் இழுத்துக்கொண்டு போய், கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் சுருண்டது. ஏழு மாதம் அங்கேயே இருந்தது.

வீடு என்னுடையதில்லை. மாடியில் வீட்டுக்கார அக்கா, கீழே நான். ஒரே ஒரு அறை. தையல் மெஷின், கட்டில், வாடிக்கைக்காரர்களின் துணி மூட்டை எல்லாம் அதற்குள்தான். கணவர் போய்ச் சேர்ந்தபின், தனியாக இருக்கிற பொம்பளைக்கு வீடு கொடுக்க எத்தனை பேர் யோசித்தார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். நாலு மாதம் அலைந்து கிடைத்த வீடு. அதனால் நாய் இருப்பதையே மறைத்தேன். தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி வைத்தேன். அது லேசாக முனகினாலும் குனிந்து, "ச்சூ, மேல கேக்கும்" என்று அதட்டிவிட்டு, மெஷினை வேகமாக மிதிப்பேன். மாடியில் செருப்புச் சத்தம் கேட்டால் நாயும் மூச்சை அடக்கும், நானும் அடக்குவேன்.

அது என்னோடும் ஒட்டவில்லை. சோற்றை வைத்துவிட்டு நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தால்தான் தின்னும். தொடப் போனால் கடிக்காது, நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒன்ன என்ன அடிச்சா போட்டேன்?" என்று கேட்பேன். சின்னாளப்பட்டியில் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு, போகவில்லை. இதை யாரிடம் விட்டுப் போவது? கால் எப்போதோ கூடிவிட்டது. தெருவில் கொண்டுபோய் விட மனசு வரவில்லை. நான் வாசலைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் திரும்ப வேண்டும், அதற்குள் அது சத்தம் போட்டுவிடக் கூடாது. தலைவிதியே என்று உட்கார்ந்திருந்தேன்.

பங்குனியில் ஒருநாள், ஜாக்கெட் வாங்க இறங்கி வந்த வீட்டுக்கார அக்கா வாடையைப் பிடித்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

"ஒன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எங்க வீட்டுக்காரருக்கு இளைப்பு இருக்கு, நாய் முடி ஆகாது. ஆடி பொறக்குறதுக்குள்ள அனுப்பிரு. இல்லாட்டி நீ வேற வீடு பாத்துக்க. ஆடியில வீடு மாத்த முடியாதுல்ல, அதான் இப்பவே சொல்றேன்."

ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். புதுசாக யாரையும் குடிவைக்கவும் மாட்டார்கள். ஆக, ஆனி முடிவதற்குள் ஒன்று நாய் போக வேண்டும், இல்லை நான் போக வேண்டும்.

ஜாக்கெட் தைக்க வந்தவர்களிடமெல்லாம் நாய் வேண்டுமா என்று கேட்டேன். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். பார்த்தார்கள் என்ன, கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார்கள். தாடிக்கொம்பிலிருந்து வந்த ரிட்டயர்டு வாத்தியார் அரை மணி நேரம் குனிந்து குனிந்து கூப்பிட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இதுக்கு நாந்தேன் காவல் இருக்கணும் போலயே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு தேடி அலைந்தபோது என்னை வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஆனி பிறந்ததும் ஒரு வாடிக்கைக்காரப் பெண் சொன்னாள், நத்தம் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு இருக்கும் புருஷன் பெண்டாட்டி நாய் தேடுகிறார்கள் என்று. மறுநாளே நாயைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். வழி முழுக்க நடுங்கியது, என் மடியிலேயே மூத்திரம் பெய்தது. தோப்பில் இறக்கியதும் குடிசைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நாயைக் கூப்பிடவும் இல்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. "கெடக்கட்டும்க்கா, அதுக்கா தோணும்போது வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் காய் பொறுக்கப் போய்விட்டாள். புருஷன்தான் கேட்டான், "காவலுக்கு ஆகுமாக்கா?"

"ஆகும்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்து வைத்தேன். காற்று வந்தது. நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

ஆடி பாதியில் காய்கறி மார்க்கெட்டுக்குப் போனபோது, மாங்காய் விற்கிறவளிடம் நத்தம் காய் இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் முடிஞ்சு போச்சு, தோப்பெல்லாம் காலி" என்றாள். கையில் எடுத்த காயை அப்படியே திரும்ப வைத்தேன். தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் காய் இறங்கும்வரைதான் காவலுக்கு ஆள் வைப்பார்கள். அப்புறம் காவல்காரர்கள் வேறு தோப்புக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆடி வருகிறது, ஆடி வருகிறது என்று என் வீட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவள், ஆடி வந்தால் அவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தோப்புக் காவல் பெண்ணின் போன் சுவிட்ச் ஆஃப். ஒரு சங்கிலியும் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு நத்தம் பஸ் ஏறினேன். நாயை விட்டுவிட்டுத்தான் போயிருப்பாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவளைக் கேட்க வேண்டிய கேள்வியை எல்லாம் பஸ்ஸிலேயே மனசுக்குள் கேட்டு முடித்தேன், அத்தனையும் கெட்ட வார்த்தை. தோப்பில் குடிசைக் கீற்றைக்கூடப் பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். நாயைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அதற்கு ஒரு பெயர்கூட நான் வைத்திருக்கவில்லை. "ஏ பிள்ள, ஏ பிள்ள" என்று மரம் மரமாகக் கத்தினேன். அழுகை வந்தது.

ரோட்டோர டீக்கடைக்காரர்தான் சொன்னார். "சாணார்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக் காவலுக்குப் போறாங்கம்மா. அந்த நாயி லோடு வண்டியக் கண்டாலே ஓடிருது. மூணு நாளு ஏத்திப் பாத்தாங்க. புருஷங்காரரு சாமானோட முந்தாநாளே போயிட்டாரு. அந்தப் பிள்ள மட்டும் இருந்துச்சு. இன்னைக்கு விடியவும், நடந்தே கூட்டிட்டுப் போறேன்னு கெளம்பிருச்சு."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். சாணார்பட்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது கண்டேன். தலையில் ஒரு பை, கையில் செருப்பு, ரோட்டோர மண்ணில் அவள் நடந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே நாய். கயிறு இல்லை. கண்டக்டரிடம் கெஞ்சி இறங்கினேன்.

நான் நாலு எட்டு வைப்பதற்குள் நாய் அவளுக்கு முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்துக் குரைத்தது. அவளை மறித்துக்கொண்டு, முடியைச் சிலிர்த்துக்கொண்டு குரைத்தது. அது குரைத்து அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"வாங்கக்கா" என்று சிரித்தாள் அவள். "வண்டினா இதுக்கு ஆகாதுல்ல, நீங்க கொண்டாந்த அன்னைக்கே பாத்தேன்ல. அதான் நடந்துட்டோம்." கால் விரலில் ரத்தம் கட்டியிருந்தது. சங்கிலியைப் பைக்குள் தள்ளினேன்.

அவள் புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். நாய் குரைப்பதை விட்டு அவள் மடியில் முகத்தை வைத்தது. கண் மட்டும் என்மேல் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். பொறாமையாக இருந்தது.

"பயப்படாம உக்காருங்கக்கா" என்றாள் அவள். "அதுக்கு ஆளு புதுசாத் தெரியுது. செத்த நேரத்துல பழகிரும்."

அவர்களுக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.