விளக்குப் போடுமுன் வாசித்த வரிகள்

சோளக்காட்டுக் காவற்பொம்மைக்கு, ஓடும் ஈருருளியிலிருந்து கையுயர்த்தி வணக்கம் சொன்னேன். பின்னிருக்கையில் இருந்த என் துணைவியார், வீடு சேர்ந்ததும் வண்டிச் சாவியைத் தம் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"கண்ணு நல்லாருக்குதுன்னு டாக்டர் சொல்லட்டுங்க. அப்பறம் வண்டியத் தொடுங்க."

நாள்தோறும் மாலையில் பாப்பிரெட்டிப்பட்டிக்குச் சென்று நண்பர்களோடு வாதிடாவிட்டால் எனக்கு உறக்கம் வாராது. ஆதலின் மறுநாளே இருவரும் பேருந்தேறிக் கண் மருத்துவமனைக்குச் சென்றோம்.

பரிசோதனை அறையின் கதவு திறந்தே கிடந்தது. எனக்கு முன்னே சென்றவர் சித்தேரி மலையிலிருந்து வந்த உழவர். எழுத்துப் பலகையை அவர் ஊருக்கே கேட்கும் குரலில், மேலிருந்து கீழாக, இரு கண்ணுக்கும் தனித்தனியே படித்தார். செவிவழிப் பாடம் ஏற்பது என் வாழ்நாள் பழக்கம். அவர் எழுந்தபோது பலகை முழுதும் எனக்கு மனப்பாடம்.

என்னை அமர்த்தி, ஒரு கண்ணை மறைத்து, "படிங்கய்யா" என்றார் அங்கிருந்த பெண். தங்கு தடையின்றிக் கடைசி வரிவரை ஒப்பித்து நிமிர்ந்தேன்.

"அய்யா, நான் இன்னும் பலகைக்கு வெளக்கே போடலீங்க."

துணைவியார் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தார்; சாவி குலுங்கிற்று. "அவருக்கு எதுவும் ஒருவாட்டி கேட்டாப் போதும் கண்ணு. வேற பலகைய மாட்டு."

வேறு பலகை வந்தது. முதலிரு வரிகள் என்னோடு ஒத்துழைத்தன. மூன்றாவது வரி எறும்புச் சாரை.

மருத்துவர் கனிவானவர். "கண்ணுல புரை லேசா ஆரம்பிச்சிருக்குதுங்க. பயமில்ல. புதுக் கண்ணாடி போட்டா பகல்ல ஓட்டலாம். பொழுது சாஞ்சா வேண்டாமுங்க."

நான் வண்டி எடுப்பதே பொழுது சாய்ந்தபின்தான் என்பதை அவரிடம் விளக்க முனைந்தேன். "டாக்டரு சொன்னது எனக்கு வெளங்கிருச்சுங்க" என்று துணைவியார் எழுந்துகொண்டார்.

கண்ணாடி வருமட்டும் வீட்டில் அடைபட்டிருந்தேன். அந்நாள்களில் எங்கள் நெற்களத்தில் மருமகள் பின்னே ஓடிவர, யாரோ ஒருவர் வண்டியை வளைத்து வளைத்து ஓட்டக் கண்டேன். மங்கலாகக் கண்டமையால், அது யாராயிருக்கலாம் என்று தோன்றியதை நான் நம்பவில்லை.

கண்ணாடி வந்த அன்று மாலை வாயிலுக்கு வந்தேன். வண்டி முடுக்கப்பட்டு நின்றது. முன்னிருக்கையில் என் துணைவியார், மிகத் தெளிவாகத் தெரிந்தார்.

"ஏறுங்க. உங்க கூட்டாளிங்க காத்திருப்பாங்க."

ஏறினேன். வேறு வழியில்லை. வண்டி சற்றே ஆடினாலும் பாதையை விட்டு விலகவில்லை. சோளக்காட்டை அடைந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரு நிக்கறாருங்க. வணக்கம் சொல்லலீங்களா?"

பொம்மையின் கிழிந்த சட்டையில் பொத்தான் இல்லாததுகூட எனக்குத் தெரிந்தது. ஆயினும் கையுயர்த்தவில்லை, இரு கைகளாலும் இருக்கைக் கம்பியை இறுகப் பற்றியிருந்தேன்.