மோட்டார் சைக்கிளும் மின்தடை வேண்டுதலும்

துருவேறிக் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஓராண்டாக வீட்டுப் பட்டறையில் சீர்செய்து வருவதை நண்பர்கள் அறிவீர்கள்.

சென்ற வாரம் இயந்திரம் உயிர்பெற்றது. கூடவே ஒரு 'டக் டக்' ஒலியும் எழுந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் இயந்திரம் முழுவதையும் மறுபடி பிரிக்க வேண்டும். பக்கத்து வீட்டு விசைத்தறிகளின் இரைச்சலிலோ எதையும் பிரித்தறிய இயலவில்லை. ஆகவே, அறிவித்தபடி இன்று மின்தடை தவறாமல் வரவேண்டும் என்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குத் தறிகள் அடங்கின. வண்டியை ஓடவிட்டு அரைமணி நேரம் செவிசாய்த்தும் ஒலியின் இருப்பிடம் விளங்கவில்லை.

வேலையின்றி வந்து நின்ற தறிக்காரர் அழகர், கண்களை மூடிக்கொண்டு வண்டியை ஒவ்வோரிடமாகத் தொட்டுப் பார்த்தார்.

"தறிச் சத்தத்துல எங்க காது என்னைக்கோ போச்சுய்யா. கையை வச்சுத்தான் கண்டுபிடிப்போம். இஞ்சினு நல்லாத்தான் இருக்கு. இந்தா, செயின் மூடியில போல்ட்டு லூசு."

இறுக்கினோம். ஒலி நின்றது. மகிழ்ச்சியில் காலை வேண்டுதலை அவரிடம் சொல்லிவிட்டேன்.

"தறி ஓடுறப்ப கூப்பிட்டிருந்தாலும் வந்து சொல்லிருப்பேனே! எங்க பொழப்பக் கெடுக்கவாய்யா சாமியக் கும்பிட்டீக?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் பூசையறைக்குத் திரும்பி, மின்சாரம் விரைந்து வர வேண்டிக்கொண்டேன்.

ஒரே நாளில் இவ்விரு விண்ணப்பங்களையும் ஒரே அடியவனிடமிருந்து பெற்ற இறைவன் என்ன நினைத்திருப்பான்? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.