பட்டியலில் ஒரு கூப்பர்

"...எங்கட பூட்டனுக்கு வெள்ளைக்காரப் பாதிரியார் குடுத்த பேர், அண்ணை. கூப்பர். நாலு தலைமுறையாச் சுமக்கிறம். பேர் வெள்ளை, ஆள் கறுப்பு!"

கனடாவில், ஸ்காபரோ மண்டபமொன்றில் என் மேசைக்கு முன்னால் இருந்தபடி அந்த மனிதர் சொன்னார். இலங்கையில் சண்டை முடிந்த வாரம் அது. முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் வந்திருந்தது. தேடி வருகிறவர்களுக்கு அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அவர் கட்டையான ஆள். பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார். ஆஸ்பத்திரியில் 'கூப்பர்' என்று கூப்பிட்டு இவர் எழும்பினால், தாதி இவரைத் தாண்டி வேறு ஆளைத் தேடுவாளாம்.

தேடி வந்தது தம்பியை.

"வன்னிக்குப் போய்ப் பேரை மாத்தினவன். தமிழனுக்கு உது வெக்கமாம். அதில எங்களுக்குள்ள கதைபேச்சும் விட்டுப்போச்சு. இனியவன் எண்டு பாருங்கோ. செத்தாலும் கூப்பரெண்டு எழுதமாட்டான்."

இனியவன்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் வயது பொருந்தவில்லை. அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார். மனம் கேட்காமல் கூப்பரையும் தேடினேன். ஒரேயொருவர். வயது, ஊர், தகப்பன் பெயர் எல்லாம் சரி.

"அட குரங்கே! இத்தினை இனியவனுக்குள்ள அண்ணன் எப்பிடித் தேடுவானெண்டு யோசிச்சிருக்கிறான்!" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அவருக்குப் பின்னால் ஒரு அம்மா, மகன் குமாரைத் தேடி நின்றார். பட்டியலில் குமார்கள் மட்டும் மூன்று பக்கம். இவர் எழும்பித் தன் கதிரையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, முதலாவது குமாரில் விரலை வைத்தார்.