காலி வயிற்றுக்கு அழைத்த விருந்தாளிகள்

தீவன மூட்டை இறக்க வந்த லாரி டிரைவர்தான் சொன்னார். "ஏனுங்க வாத்தியாரே, நம்ம அர்த்தநாரி டாக்டரு போயிட்டாராமா. நேத்தே ஜேடர்பாளையத்துல எடுத்துட்டாங்களாம்." மூட்டையை எங்கே வைப்பது என்று அவர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.

பண்ணைக்காரர்களான உங்களில் பலருடைய கோழிக் கொட்டகைக்கு மழையிலும் மொபெட்டில் வந்த கால்நடை மருத்துவர் அவர். இந்த அஞ்சலியில் நல்லதை மட்டும் எழுதிவிடலாம். ஆனால் ஐந்து ஆண்டுகளாக எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டே நான் இரண்டு கொட்டகை வைத்திருந்த காலம். குஞ்சுகள் சால்மோனெல்லாக் கிருமியால் கழிந்து செத்தன. முன்பு ஒரு சிட்டிகைக்குக் கேட்ட மஞ்சள் மருந்துப்பொடி, கைப்பிடி போட்டாலும் கேட்கவில்லை. கிருமி அதற்குப் பழகிவிட்டது.

டாக்டர் சொன்னார்: "தாய்க்கோழியோட திரியற குஞ்சு, அதோட எச்சத்தைக் கொத்தி நல்ல கிருமியை வயித்துல குடிவெச்சுக்குது. மிசின்ல பொரிச்ச குஞ்சுக்கு வயிறு காலி ஊடுங்க. காலி ஊட்டுல கண்டவன் பூந்துக்குவான்." மறுநாள் வகுப்பில் அதையே டவுன் பஸ்ஸை வைத்துச் சொன்னேன். முதல் நிறுத்தத்திலேயே நல்லவர்கள் உட்கார்ந்துவிட்டால் பிக்பாக்கெட்டுக்கு இடமேது?

நோயில்லாத கோழியின் குடலில் இருந்த நல்ல கிருமியை எடுத்து அவர் வளர்த்துக் கொடுத்தார். குஞ்சு வந்த அன்றே குடிதண்ணீரில் கலந்தோம். ஒரு கொட்டகைக்கு அந்தத் தண்ணீர் மட்டும், மற்றதற்குப் பழைய பொடி மட்டும். டீக்கடையில் எனக்குப் 'பீத்தண்ணி வாத்தியார்' என்று பெயர் வந்தது. தண்ணீர் குடித்த குஞ்சுகள் பிழைத்தன. அந்தப் பெயரே எனக்குப் பட்டம்போல ஆனது.

பக்கத்துத் தோட்டத்து நல்லம்மாள் கேட்டார். "நம்பிச் செய்யலாங்களா?"

"நானே கண்ணால பாத்தனுங்க. செய்ங்க" என்றேன்.

பொடியை நிறுத்திவிட்டு அதே தண்ணீரைக் கொடுத்தார். பாதிக் குஞ்சு செத்தது. வந்து பார்த்த டாக்டர் கொட்டகையில் பரப்பிய கடலைத்தொலி மேல் குந்தி, தலை நிமிராமல் சொன்னார்: "வாத்தியாரே, உங்க தண்ணிக் கொட்டகைத் தீவனத்துல சேலத்துலிருந்து வந்த புது மருந்துப்பொடியைக் கலந்துட்டனுங்க. நீங்க தோத்துறக்கூடாதுன்னு."

"நல்ல கிருமியை விருந்தாளியாக் கூப்பிட்டு உக்கார வெச்சு, அது திங்கற சோத்துல வெசத்தையும் வெச்சீங்களே" என்றேன்.

நல்லம்மாள் அவரைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தார். "கண்ணால பாத்தேன்னு சொன்னது நீங்கதானுங்களே."

என் குஞ்சுகளைக் காத்தது தண்ணீரா, பொடியா? நல்லம்மாளுடைய குஞ்சுகள் ஏன் செத்தன? டாக்டர் கெடுத்தது ஒரு சோதனையை மட்டுமல்ல. என் வாயிலிருந்து வந்த சொல்லையும்தான்.

போன மாதம் வாசலில் மொபெட் நின்றது. "பொடியில்லாம இன்னொருக்காப் பாக்கலாங்களா?"

"உங்களை வெச்சுக்கிட்டு எதையும் பாக்கறதா இல்லீங்க."

"சரீங்க, வாரேன்" என்று கிளம்பினார். அவ்வளவுதான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. அவர் சொன்ன 'காலி ஊடு' மட்டும் என்னிடம் இருக்கிறது. அது பொய்யென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அடுத்த வாரம் புதுக் குஞ்சு வருகிறது. ஒரு கொட்டகைக்கு அவர் காட்டிய முறையில் வளர்த்த அந்தத் தண்ணீர் மட்டும்தான். தீவன அறையைப் பூட்டி, சாவியை நல்லம்மாளிடம் கொடுத்தேன்.

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "இன்னொரு சாவி இருந்தா அதையும் குடுத்துருங்க" என்றார்.

இருந்தது. கொடுத்தேன்.