மெழுகுக் குழாயில் அப்பா

என் அப்பாவின் குரலை அழித்தது நான்தான். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பிச் செய்த காரியம். அப்போது எனக்கு ஏழு வயது.

அப்பா ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் தரம் பிரிக்கிறவராக இருந்தார். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, அது ஒன்றாம் நம்பரா, இரண்டாம் நம்பரா, கழிவா என்று கூவிச் சொல்வது அவர் வேலை. பகலெல்லாம் கூவுவதால் வீட்டுக்கு வந்தால் வாயே திறக்கமாட்டார் என்று அம்மா சொல்வாள். எனக்கு மூன்று வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டார். அவர் மீசை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நேரில் கேட்ட குரல் ஞாபகம் இல்லை.

குரலைப் பிடித்து வைத்தவர் மாமா. அம்மாவின் தம்பி, வேலூரில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். அவர் சரி செய்த கடிகாரம் கடைவாசலைத் தாண்டும்வரை ஓடும் என்று அம்மாவே கேலி செய்வாள். ஊரைவிட்டுப் போன ஒரு துரை வீட்டிலிருந்து அவருக்கு ஒரு பேசுகிற மிஷின் கிடைத்தது. தட்டு வைத்துப் பாடும் பெட்டியெல்லாம் எங்கள் பக்கம் பிறகுதான் வந்தது. இது டம்ளர் அளவு மெழுகுக் குழாயைச் செருகி ஓட்டுவது. பூ மாதிரி விரிந்த அதன் குழலுக்கு முன்னால் நின்று பேசினால் முள் அதை மெழுகில் கீறி வைத்துக்கொள்ளும். மாமாவிடம் எழுதாத குழாய் ஒன்றே ஒன்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்கு வந்து அப்பாவைக் குழல் முன் நிறுத்தினார்.

அப்பாவுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா கையை ஆட்டி ஆட்டி அவசரப்படுத்த, அப்பா தனக்குத் தெரிந்ததைக் கூவினார்: "ஒண்ணாம் நம்பரு... ரெண்டாம் நம்பரு... கழிவு... ஒண்ணாம் நம்பரு..." கடைசியில் ஒரு இருமல். பிறகு, "போதுமாடா?"

அவ்வளவுதான். அப்பா எங்களுக்கு விட்டுப்போன குரல் அது.

முள் ஓடும்போதெல்லாம் மெழுகு கொஞ்சம் தேயும் என்று மாமா சொன்னதால், அதை வருஷத்துக்கு ஒருமுறைதான் கேட்போம். தை மாதம், அப்பா இறந்த நாளன்று மாமா மிஷினோடு வருவார். மற்ற நாளெல்லாம் குழாய் பஞ்சு சுற்றி, அட்டை டப்பாவுக்குள், அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியைத் திறந்தால் போடும் கிறீச் சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். அதனாலேயே எங்கள் வீட்டில் யாரும் திருட்டுத்தனமாக எதையும் எடுத்துத் தின்றதில்லை.

அப்பாவுக்குப் பிறகு அம்மா அதே கிடங்குக்கு வேலைக்குப் போனாள். மழைக்காலத்தில் அடுக்கி வைத்த தோலில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். புங்க எண்ணெயில் நனைத்த துணியால் அதை அழுத்தித் துடைத்து நிழலில் வைப்பது பெண்கள் வேலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். "அழுத்தித் தொடைக்கணும்டீ. உட்டா தோலையே தின்னுடும்" என்பாள் அம்மா.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. ஒரு நாள் எனக்குத் தலைவலி என்று அம்மா என்னை வீட்டில் விட்டுப் போனாள். தலைவலி பத்து நிமிஷத்தில் போய்விட்டது. சும்மா இருக்க முடியாமல் பெட்டியைத் திறந்தேன். மழைச் சத்தத்தில் தெருவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவுக்குள் அப்பாமேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. விட்டால் தின்றுவிடுமே. மாடத்தில் அம்மா வைத்திருந்த புங்க எண்ணெயைத் துணியில் தோய்த்து, கட்டைவிரலை வைத்து, அழுத்தித் துடைத்தேன். குழாய் பளபளவென்று ஆனது. நிழலில் காயவைத்து, பஞ்சு சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன். தை வரட்டும், அம்மா அசந்துபோவாள் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தை வந்தது, மாமாவும் வந்தார். அம்மா பெட்டியைத் திறந்து டப்பாவைக் கையில் எடுத்தாள். மாமா மூக்கைச் சுளித்தார்.

"இன்னாக்கா, எண்ணெ வாசன அடிக்குது?"

அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பொட்டி கீலுக்கு எண்ணெ போட்டேன்டா. அதான்."

மாமா குழாயைச் செருகிச் சாவி கொடுத்தார். அடைமழை மாதிரி இரைச்சல்தான் வந்தது. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். மாமா நிறுத்தப் போனார்.

"இருடா. முடியட்டும்" என்றாள் அம்மா.

இரைச்சல் ஓடி முடியும்வரை அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஒண்ணாம் நம்பரு, ரெண்டாம் நம்பரு, கழிவு. கடைசியில் இருமல் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். பெரியவர்கள் காதுக்குக் கேட்கிறது போல, எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"மெழுகுதானே, வயசாயிடுச்சுக்கா" என்றார் மாமா.

"ஆமாடா" என்றாள் அம்மா.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. என் எண்ணெயால் ஒன்றும் இல்லை, வயசானதால்தான். நல்லவேளையாக அம்மாவும் பெட்டிக்கு எண்ணெய் போட்டிருக்கிறாள், இல்லாவிட்டால் அந்த வாசனை என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மா குழாய்க்குப் பஞ்சு சுற்றி, டப்பாவில் வைத்து, டப்பாவைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மூடினாள். அது வழக்கம்போலத் தெருக்கோடிவரை கேட்கும்படி கிறீச்சென்று கத்தியது. பக்கத்திலேயே நின்று நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.