மழையில்லாத நாளில் ஒழுகிய கூரை

எங்கள் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட அறை ஒன்று உண்டு. அதில்தான் நான் ரவிக்கை தைக்கிறேன். அந்த வருஷம் மார்கழி பிறந்ததும், காலை வேளைகளில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஆரம்பித்தது. துரு கலந்த தண்ணீர். தை மாதக் கல்யாணத்துக்கென்று வெட்டி வைத்திருந்த பட்டில் ஒரு சொட்டு விழுந்து கறையானபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் கணவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரத்தில் மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் கொடியில் கிடக்கிற துணியைத் தூக்கிக்கொண்டு போகும். சுவருக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக நுழைந்தால் நூல்கண்டைக்கூட விட்டுவைக்காது. அதனால் மார்கழிக்குச் சில மாதங்கள் முன்புதான் அந்தச் சந்து முழுவதையும் சிமெண்டு பூசி அடைத்தார். துணி காயப்போடும் கொடியையும் அறைக்குள்ளேயே கட்டினார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே ஏற்பாடுதான். இப்போது தண்ணீர் விழுந்ததும் ஆணி அடித்த இடமெல்லாம் தார் பூசினார். நிற்கவில்லை. ஜன்னல் இடுக்குகளையும் அடைத்தார். அதிகமாயிற்று.

கடைசியில் தீர்ப்புச் சொன்னார். “ஏட்டி, இந்தக் கூரைக்குக் கீழ இனி சரிப்படாது. ஞாயித்துக்கெழம ஆளு வருது. மெஷினக் கீழ எறக்கிருவோம்.”

கீழே என்றால் டிவி இருக்கும் முன்னறை. அவரும் அவருடைய சேக்காளிகளும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எந்தப் பெண் வந்து நின்று அளவு கொடுப்பாள்? மெஷின் இறங்கினால் என் தொழில் அதோடு முடிந்தது. மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு வீம்பு ஏறும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இடையில் ஒருநாள் முழுக்க மழை பெய்தது. அன்று ஒரு சொட்டுகூட விழவில்லை. வானம் வெளுத்து, குளிராக விடிந்த நாட்களில்தான் விழுந்தது. நாற்காலி போட்டு ஏறித் தகரத்தின் அடிப்புறத்தைத் தடவினேன். ஆணித் துளையருகில் மட்டுமல்ல, சோற்றுப்பானை மூடியின் உட்புறம் மாதிரி தகரம் முழுக்க நனைந்திருந்தது. என் இடுப்பருகில் கொடியில் முந்தின நாள் துவைத்த வேட்டியும் சேலையும் தொங்கின. அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறி, பனியில் குளிர்ந்த தகரத்தில் தண்ணீராகி, என் பட்டின்மேல் விழுகிறது. ஒழுகியது கூரையல்ல, எங்கள் வேட்டியும் சேலையும்தான்.

வெள்ளிக்கிழமை அவர் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து உளியும் சுத்தியலும் எடுத்தேன். எதிரெதிரே இரண்டு பக்கமும் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, குரங்கு நுழையாதபடி கம்பிவலை வைத்து அடித்தேன். ஈரத்துணியை எல்லாம் கீழே கொண்டு வந்தேன். கை கொப்பளித்துப் போயிற்று. திரும்பி வந்தவர் மாடியைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஒழுகுகிற கூரைக்கு ஓட்டை வேறு போட்டுவிட்டாயா என்று கேட்டார். அப்புறம் முகம் கொடுத்தே பேசவில்லை. எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பளிச்சென்று விடிந்தது. நல்ல குளிர். ஆட்கள் இரண்டு பேர் வந்து மெஷினில் கை வைத்தார்கள். நான் நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டேன்.

“தூக்குததுக்கு முன்னால ஏறித் தகரத்தத் தொட்டுப் பாருங்க.”

ஏறினார். நாற்காலியை நகர்த்தி நகர்த்தி மூலைக்கு மூலை தடவினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, பழக்கத்தில் வேட்டியில் துடைத்துக்கொண்டார். துடைக்கக் கையில் ஈரமே இல்லை.

“மெஷின் அங்கனயே கெடக்கட்டும்,” என்று ஆட்களிடம் சொன்னார். “அந்தக் கொடியக் கழட்டிக் கீழ கொண்டு போங்க.”

கறை பட்ட இடத்தை உள்மடிப்புக்குள் தள்ளி அந்தப் பட்டு ரவிக்கையை அதே அறையில் தைத்து முடித்தேன். கொடி இப்போது பின்வாசலில் இருக்கிறது. துணி காயும்வரை குரங்குக்குக் காவலாக அவர் கம்போடு அங்கே உட்கார்ந்திருக்கிறார்.